நேரா ஓடுறது வேற... வெட்டித் திரும்புறது வேற! ஹேண்ட்பால் பிள்ளைகளின் வேகத்தை அளப்பது எப்படி?

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் வழியில் இருக்கிறது வேடசந்தூர். நூற்பாலைகளும் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் குடகனாறும்தான் இந்த ஊருக்கு அடையாளம். இங்கே ஒரு செம்மண் மைதானம், சாயங்காலம் நாலரை மணி, பள்ளி ஹேண்ட்பால் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வெச்சுக்கோங்க. பி.இ.டி. சார் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். நூறு மீட்டர் ஓடச் சொல்கிறார். முதல் ஏழெட்டுப் பேர் டீமில். மீதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு.

நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் பார்த்த காட்சிதான் இது. இதில் தப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? ஹேண்ட்பால் கோர்ட்டின் நீளமே 40 மீட்டர்தான். அங்கே யாரும் நூறு மீட்டர் நேராக ஓடப்போவதில்லை. நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, இடது பக்கம் போவதுபோல ஏமாற்றி, வலது பக்கம் வெட்டித் திரும்புவதுதான் ஆட்டம். நூறு மீட்டரில் பத்தாவதாக வந்த பிள்ளை, இந்த வெட்டித் திரும்புவதில் முதலாவதாக இருக்கலாம். அதை நாம் அளந்து பார்க்கவே இல்லை!

எந்த விளையாட்டைச் சொல்றோம்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊர்ப் பத்திரிகைகளில் 'கைப்பந்து' என்று போட்டால், பாதி நேரம் அது வாலிபால் செய்தியாக இருக்கும். இங்கே நாம் பேசுவது ஹேண்ட்பால். ஒரு பக்கம் கோல்கீப்பரையும் சேர்த்து 7 பேர். கோர்ட் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் போஸ்ட் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அதற்கு முன்னால் 6 மீட்டரில் வளைந்து போகும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் கால் வைக்கிற உரிமை கோல்கீப்பருக்கு மட்டும்தான். பெரியவர்கள் ஆட்டம் என்றால் தலா 30 நிமிடமாக இரண்டு பாதி.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் போகக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ஆக, எதிரியை ஏமாற்ற நமக்குக் கிடைப்பது மூன்றே அடி. முதல் அடியில் ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டாவது அடியில் மறுபக்கம் திரும்பி, மூன்றாவதில் எம்பிக் குதித்து எறிய வேண்டும். தடுப்பவர்களுக்கும் அதே கதைதான். 6 மீட்டர் கோட்டை ஒட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கணும்.

உலக அளவில் இது பழைய விளையாட்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் திறந்தவெளியில் ஆடினார்கள். இப்போது நாம் பார்க்கும் உள்ளரங்க ஹேண்ட்பால், ஆண்களுக்கு 1972-லும், பெண்களுக்கு 1976-லும் ஒலிம்பிக்குக்குள் வந்தது. இந்தியாவில் இதற்கான சம்மேளனம் ஆரம்பித்ததும் 1972-ல்தான். 2023-ல் ஜெய்ப்பூரில் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்தது. மகாராஷ்டிரா அயர்ன்மென் கோப்பையை வென்றது. நம்ம பள்ளிகளுக்கான போட்டிகளிலும் ஹேண்ட்பால் இருக்கிறது. விளையாட்டில் சாதிப்பவர்களுக்கு அரசு வேலையில் 3 சதவிகித ஒதுக்கீடும் இருக்கிற மாநிலம் இது. அதனால், மைதானத்தில் ஒரு பிள்ளையை 'நீ வேணாம்' என்று அனுப்பும் முன்னால், சரியான பரிசோதனை வைத்தோமா என்று யோசிப்பது நியாயம்தானே?

திரும்புவது வேறு... சுதாரிப்பது வேறு!

விளையாட்டு அறிவியலில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, திசைமாற்று வேகம். எங்கே திரும்பணும் என்பது முன்கூட்டியே தெரியும். கூம்பு வைத்திருக்கிறது, அதைத் தொட்டுத் திரும்பணும், அவ்வளவுதான். இன்னொன்று, அஜிலிட்டி. நம்ம பேச்சுவழக்கில் சொன்னால் சுதாரிப்பு. எதிரில் இருப்பவரின் அசைவைப் பார்த்து, அந்த நொடியில் முடிவெடுத்து உடம்பைத் திருப்புவது. அஜிலிட்டி என்றால் வெறும் திரும்புதல் அல்ல, ஒரு தூண்டுதலுக்குப் பதிலாக உடம்பு காட்டும் வேகம் என்று ஷெப்பர்ட், யங் என்ற ஆய்வாளர்கள் 2006-ல் வரையறுத்தார்கள். இன்று பெரும்பாலானவர்கள் அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

புரியலையா? கொசவபட்டி ஜல்லிக்கட்டை நினைச்சுக்கோங்க. வாடிவாசலைத் தாண்டி வரும் காளை இடப்பக்கம் திரும்புமா, வலப்பக்கம் சுழலுமா என்று யாருக்கும் தெரியாது. அதன் தோளும் தலையும் அசைவதைப் பார்த்துத்தான் மாடுபிடி வீரர் காலை எடுத்து வைப்பார். அது சுதாரிப்பு. அதே வீரரை, காளையே இல்லாத மைதானத்தில் இரண்டு கம்புக்கு நடுவில் ஓடித் திரும்பச் சொன்னால், அது திசைமாற்று வேகம். இரண்டும் வேணும். ஆனால், ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றையும் அளந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

இதே ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். நேர் ஓட்டத்திலும், முன்பே தெரிந்த திருப்பத்திலும் மேல்நிலை வீரர்களுக்கும் அடுத்த நிலை வீரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதிராளியைப் பார்த்துத் திரும்பும் சோதனையில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

மைதானத்தில் செய்யக்கூடிய சோதனைகள்

இதற்கெல்லாம் லட்ச ரூபாய் கருவி வேண்டாம். டேப், சுண்ணாம்புத் தூள், நாலைந்து கூம்பு, ஒரு போன் போதும். கூம்பு இல்லையா? மண் நிரப்பின தண்ணி பாட்டில் வையுங்க. செங்கல், கல் மட்டும் வேண்டவே வேண்டாம். கால் பட்டால் விரல் போய்விடும்.

1. ஷட்டில் ஓட்டம் (4 x 10 மீட்டர்): பழைய உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. எதிர்க்கோட்டில் இரண்டு மரக்கட்டைகள். ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்து வைத்து, மறுபடி ஓடி அடுத்ததை எடுத்து வர வேண்டும். செலவே இல்லாத சோதனை. ஆனால், 40 மீட்டரில் திருப்பம் மூன்றுதான். நேராக வேகமாக ஓடுபவருக்கு இதிலும் லாபம் உண்டு.

2. டி-டெஸ்ட்: ஹேண்ட்பால் தடுப்பாட்டத்துக்கு ரொம்பப் பொருத்தமானது. ஆங்கில 'டி' எழுத்து வடிவில் நான்கு கூம்புகள். முதல் கூம்பிலிருந்து 9.14 மீட்டர் நேராக ஓட்டம். அங்கே நடுக்கூம்பைத் தொட்டு, இடது பக்கம் 4.57 மீட்டர் பக்கவாட்டு நகர்வு. அங்கிருந்து வலது கோடி வரை 9.14 மீட்டர். திரும்ப நடுவுக்கு 4.57 மீட்டர். கடைசியாக ஆரம்பித்த இடத்துக்குப் பின்னோக்கி ஓட்டம். மொத்தம் 36.56 மீட்டர். பக்கவாட்டில் நகரும்போது காலைக் குறுக்கே போட்டாலோ, முகத்தை முன்பக்கத்திலிருந்து திருப்பினாலோ, கூம்பைத் தொடாமல் விட்டாலோ அந்த முயற்சி செல்லாது.

இந்த அளவுகள் ஏன் இப்படி 'வெட்டு விழுந்த' மாதிரி இருக்கின்றன? மூலச் சோதனை கெஜக் கணக்கில் (10 கெஜம், 5 கெஜம்) உருவானது. சிலர் வசதிக்காக 10 மீட்டர், 5 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். தப்பில்லை. ஆனால், அந்த நேரத்தைப் புத்தகத்தில் உள்ள நேரத்தோடு ஒப்பிடக் கூடாது.

3. 505 சோதனை: பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. 5 மீட்டர் போக, 5 மீட்டர் வர. பிள்ளை 10 மீட்டர் ஓடி வேகம் பிடித்து வரும். 10-வது மீட்டர் கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் ஆரம்பம். 15-வது மீட்டர் கோட்டில் கால் வைத்து முழுசாகத் திரும்பி, மறுபடி 10-வது மீட்டர் கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் நிற்கும். ஒரு தடவை இடது காலில் திரும்பணும், ஒரு தடவை வலது காலில். ஒரே ஒரு திருப்பம்தான் என்பதால், அந்தத் திருப்பம் எப்படி என்பது துல்லியமாகத் தெரியும்.

4. இல்லினாய்ஸ் ஓட்டம்: 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலக் கட்டம். நடுவில் 3.3 மீட்டருக்கு ஒன்றாக நான்கு கூம்புகள். குப்புறப் படுத்த நிலையிலிருந்து எழுந்து ஓடி, கூம்புகளுக்கு இடையில் வளைந்து வளைந்து போகணும். பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும். ஆனால், நீளமான ஓட்டம். கடைசியில் மூச்சுத் திறனும் சேர்ந்துவிடுவதால், ஹேண்ட்பாலுக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

5. ஒய் சோதனை: சுதாரிப்புக்கானது. 5 மீட்டர் நேராக ஓடி வரும்போது, எதிரில் நிற்பவர் திடீரென்று இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓர் அடி எடுத்து வைப்பார். அவர் போகும் பக்கமே ஓடணும். பணக்கார அகாடமிகளில் இதற்கு விளக்குகள் எரியும். உண்மையைச் சொன்னால், ஒரு மனிதர் நிற்பதே நல்லது. ஹேண்ட்பாலில் எதிரில் நிற்பது விளக்கு இல்லை, ஆள். தோள் சாய்வதையும் இடுப்பு திரும்புவதையும் படிக்கிற பழக்கம் அதில்தான் வரும். முதலில் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு ஒரு முறை, சொல்லாமல் ஒரு முறை ஓட வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான், பார்த்து முடிவெடுக்க அந்தப் பிள்ளைக்கு ஆகும் நேரம்.

கோல்கீப்பருக்கு இவற்றில் பாதி தேவையில்லை. 3 மீட்டர் அகலத்துக்குள் வேலை பார்ப்பவரை 15 மீட்டர் ஓடவிட்டு என்ன ஆகப்போகிறது? அவருக்கு இரண்டு மூன்று அடிப் பக்கவாட்டு நகர்வும், பந்து வரும் பக்கம் பார்த்துக் கை கால் நீட்டும் வேகமும்தான் முக்கியம்.

ஒரு சின்னக் கழித்தல் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள். 505 நேரத்திலிருந்து 10 மீட்டர் நேர் ஓட்ட நேரத்தைக் கழியுங்கள். இரண்டிலும் தூரம் 10 மீட்டர்தான். மிச்சம் வருவது, திரும்புவதற்காக அந்தப் பிள்ளை கொடுக்கும் 'வட்டி'. வட்டி எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்ல திருப்பம்.

உதாரணத்துக்கு இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். முதல் மாணவி 10 மீட்டரை 1.95 விநாடியில் ஓடுகிறார், 505-ல் 2.85. கழித்தால் 0.90. இரண்டாவது மாணவி 10 மீட்டருக்கு 2.10 விநாடி எடுத்துக்கொள்கிறார், 505-ல் 2.80. கழித்தால் 0.70.

நேர் ஓட்டத்தை மட்டும் வைத்துத் தேர்வு நடத்தினால் முதல் மாணவி உள்ளே, இரண்டாவது மாணவி வெளியே. 505-ஐ மட்டும் பார்த்தால், '0.05 விநாடிதானே, ரெண்டு பேரும் ஒண்ணுதான்' என்று தோணும். கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது. இரண்டாவது மாணவிக்குத் திரும்பும் கலை கைவந்திருக்கிறது. நேர் ஓட்ட வேகத்தைக் கூட்டினால் போதும். முதல் மாணவிக்குக் கால் வேகம் இருக்கிறது. பிரேக் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால், இருவருக்குமே பாதிப் பலன்தான்.

இடது, வலது கால் நேரங்களையும் தனித்தனியாக எழுதுங்கள. வலது கையால் எறிபவர்கள் பெரும்பாலும் இடது காலை ஊன்றித்தான் எம்புவார்கள். அதனால் ஒரு கால் பழகி, இன்னொரு கால் பின்தங்கிவிடுவது சகஜம். அந்த வித்தியாசம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் கவனிக்கணும்.

கடிகாரம் பொய் சொல்லும் இடங்கள்

ஸ்டாப்வாட்ச்சில் அழுத்துவது மனித விரல். தடகளத்தில் 100 மீட்டர் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது பழைய வழக்கம். நாம் மேலே பார்த்த இரண்டு மாணவிகளின் வட்டி வித்தியாசமே 0.20 தான். அதாவது, விரல் செய்யும் பிழையே பிள்ளைகளின் வித்தியாசத்தை விழுங்கிவிடும்!

போனில் ஸ்லோமோஷன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்க. 505-க்கு ஒரே போன் போதும். போகும்போதும் வரும்போதும் தாண்டுவது அதே 10-வது மீட்டர் கோடுதானே? அந்தக் கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில், ஆடாமல் போனை வையுங்கள். விநாடிக்கு 240 ஃப்ரேம் என்றால், நெஞ்சு கோட்டைத் தாண்டிய ஃப்ரேமிலிருந்து திரும்பத் தாண்டிய ஃப்ரேம் வரை எண்ணி 240-ஆல் வகுக்கணும். 684 ஃப்ரேம் என்றால் 2.85 விநாடி. 10 மீட்டர் ஓட்டத்துக்கு, இரண்டு கோடும் படத்தில் விழும்படி போனைத் தள்ளி வையுங்கள். எல்லோருக்கும் அதே இடம், அதே உயரம்.

தரையும் பொய் சொல்லும். செம்மண்ணில் வழுக்கும், சிமென்ட்டில் பிடிக்கும். மழை பெய்த மறுநாள் நேரம் வேறு, புழுதி கிளம்பும் சித்திரையில் வேறு. வெறுங்காலோடு ஓடிய பிள்ளையை ஷூ போட்ட பிள்ளையோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அதனால் ஒரே தரை, ஒரே நேரம், ஒரே காலணி. பத்து நிமிடமாவது உடம்பைச் சூடேற்றிய பிறகுதான் சோதனை. ஆளுக்கு மூன்று வாய்ப்பு, நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. அதில் சிறந்த நேரத்தை எழுதுங்கள். ஷட்டில், 505 எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் அடுக்கினால், கடைசிச் சோதனையில் தெரிவது களைப்பு மட்டும்தான்.

முழங்காலைப் பாருங்க!

நேரம் குறைவதைப் பார்க்கும் ஆர்வத்தில் பலர் பார்க்கத் தவறுவது, முழங்கால். ஹேண்ட்பாலில் முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது பெரிய பிரச்னை. பல நேரங்களில் யாரும் வந்து மோதியிருக்க மாட்டார்கள். காலை ஊன்றித் திரும்பும்போதோ, குதித்து இறங்கும்போதோ தானாகவே போய்விடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நார்வே நாட்டில் நடந்த ஆய்வில், மரத்தரையைவிடப் பிடிப்பு அதிகமுள்ள செயற்கைத் தரைகளில் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகமாக இருந்தது. சிமென்ட் தளத்தில் பிடிப்பான ஷூ போட்டு பிள்ளைகளை வெட்டித் திரும்ப வைப்பவர்கள் இதை யோசிக்கணும்.

நல்ல செய்தியும் அங்கிருந்தே வந்தது. 120 கிளப்புகளைச் சேர்ந்த 1,837 இளம் ஹேண்ட்பால் வீரர், வீராங்கனைகளை வைத்து நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. ஓட்டம், திரும்புதல், இறங்கும் முறை, சமநிலை, கால் வலிமை ஆகியவற்றைச் சேர்த்த வார்ம்-அப் செய்தவர்களுக்கு, முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்தும் இல்லை, செலவும் பெரிதாக இல்லை.

அதனால் சோதனை நாளில் நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு இதையும் எழுதுங்கள்: திரும்பும்போது முழங்கால் உள்பக்கமாக மடிகிறதா? இடுப்பைத் தாழ்த்தாமல், நின்ற உயரத்திலேயே திரும்புகிறாரா? கடைசி இரண்டு மூன்று அடியைச் சின்னதாக்கி வேகத்தைக் குறைக்கிறாரா, இல்லை ஒரே காலில் 'சடக்'கென்று நிற்கிறாரா? முழங்கால் உள்ளே மடிந்தபடி நல்ல நேரம் எடுக்கும் பிள்ளையைப் பாராட்டி அனுப்பாதீர்கள். முதலில் திரும்பும் முறையைச் சரிசெய்யணும். வேகம் அப்புறம் வரும்.

'டப்'னு சத்தம் கேட்டுது, சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிருச்சு, கால் ஊன்றினால் நழுவுது என்று பிள்ளை சொன்னால், எண்ணெய் போட்டு உருவுவதும் இழுத்துக் கட்டுவதும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலுக்கு ஓய்வு கொடுத்து, எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்க. 'ரெண்டு நாள்ல சரியாயிரும்' என்று மறுபடி ஆடவிட்டால், கிழிசலோடு குருத்தெலும்பும் சேர்ந்து போகும்.

பெற்றோருக்கு ரெண்டு வார்த்தை

12 வயதிலிருந்து 15 வயதுக்குள் பிள்ளைகள் திடீரென்று வளர்வார்கள். கால் நீளும், அந்தப் புதுக் காலுக்கு மூளை பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். போன வருஷம் மான் மாதிரி திரும்பியவர், இந்த வருஷம் தன் காலே தடுக்கித் தடுமாறலாம். நேரமும் கூடும். அது சோம்பேறித்தனம் இல்லை, வளர்ச்சி. ஆறு மாதம் பொறுங்க. அந்த நேரத்தில் 'இவளுக்கு விளையாட்டு வராது' என்று முத்திரை குத்தி நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேரோ!

அதே மாதிரி, ஒரு நாள் சோதனையில் வந்த எண்ணை வைத்து அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சாப்பிடாமல் வந்திருக்கலாம், மாதவிடாய் நாளாக இருக்கலாம், தண்ணி குடிக்காமல் வெயிலில் நின்றிருக்கலாம். ஒப்பிட வேண்டியது, மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்த அதே பிள்ளையோடுதான். பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். தேதி, தரை, காலணி, 10 மீட்டர், 505 இடது, 505 வலது, டி-டெஸ்ட், முழங்கால் குறிப்பு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம்.

மறுபடி அந்த செம்மண் மைதானத்துக்கே வருவோம். நூறு மீட்டரில் பத்தாவதாக வந்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளையைக் கூப்பிடுங்க. "கண்ணு, ஒரு நிமிஷம் இரு. இந்தக் கோடு வரைக்கும் ஓடி, தொட்டுத் திரும்பி வா பாப்போம்" என்று சொல்லுங்க. மூன்று விநாடிகூட ஆகாத வேலை. டீமில் இடம் கொடுப்பதா வேண்டாமா என்று அதற்கப்புறம் முடிவு பண்ணலாம்.